ஐந்து ஏக்கர் நத்தை

(விலங்கியல் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யாரிடமாவது பத்து ரூபாய் நாணயம் இருந்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் பேசப்போகும் உயிர் அதைவிடச் சற்றே பெரியது. சராசரியாக மூன்று சென்டிமீட்டர் இருக்கும். நன்றாக வளர்ந்தது நாலரை சென்டிமீட்டர். அதற்குக் கண் கிடையாது. இருக்கிற இடத்தில் வெளிச்சமும் கிடையாது. இந்தியப் பெருங்கடலின் அடியில், ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்தில், கொதிக்கும் ஊற்றுகளின் ஓரத்தில் வாழும் ஒரு நத்தை அது.

இந்த நத்தையின் கதையில் மூன்று ஆண்டுகளை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். 2001-இல் அதைக் கண்டார்கள். 2015-இல் அதற்கு முறைப்படி பெயர் வைத்தார்கள். 2019-இல் அது அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று அறிவித்தார்கள். கண்டதற்கும் பெயர் வைத்ததற்கும் நடுவே பதினான்கு ஆண்டுகள். அந்தப் பதினான்கு ஆண்டும் மனிதர்கள் சும்மா இருக்கவில்லை. நத்தை குடியிருந்த இடத்துக்கு ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெயர் முந்தியதா, பத்திரம் முந்தியதா என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அந்த ஊற்றுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெருங்கடல்களின் நடுவே, தண்ணீருக்கு அடியில், நீண்ட மலைத்தொடர்கள் ஓடுகின்றன. பூமியின் ஓட்டுத் தட்டுகள் அங்கே ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. விரிசல் வழியாகக் கடல்நீர் உள்ளே இறங்கி, பாறைக் குழம்பின் சூட்டில் காய்ந்து, வழியிலுள்ள இரும்பு, செம்பு, துத்தநாகம், கந்தகம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு மேலே பீறிட்டு வருகிறது. வெப்பம் 350 டிகிரியையும் தாண்டும். மேலே அழுத்தும் தண்ணீரின் பாரத்தால்தான் அது ஆவியாகாமல் இருக்கிறது. குளிர்ந்த கடல்நீரைத் தொட்டவுடன் கரைந்திருந்த உலோகங்கள் கரும்புகையாக வெளிப்பட்டு, புகைபோக்கிபோலப் படிந்து வளர்கின்றன. 1977-இல் பசிபிக்கில் காலபகோஸ் தீவுகளுக்கு அருகே கடலடி வெந்நீர் ஊற்றையும் அதைச் சுற்றி மொய்த்திருந்த உயிர்களையும் முதன்முதலாகக் கண்டபோது உயிரியலாளர்கள் திகைத்தார்கள். சூரியனை நம்பாத உயிர்க்கூட்டம் அது. ஊற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடை எரிபொருளாகக் கொண்டு பாக்டீரியாக்கள் உணவு சமைக்கின்றன. மற்ற உயிர்கள் அந்தப் பாக்டீரியாக்களை அண்டிப் பிழைக்கின்றன.

இந்தியப் பெருங்கடலுக்கு இந்தத் தேடல் தாமதமாகத்தான் வந்தது. மொரீஷியஸுக்குத் தென்கிழக்கே, மூன்று ஓட்டுத் தட்டுகள் சந்திக்கும் முச்சந்தி ஒன்று இருக்கிறது. அதற்குச் சற்று வடக்கே, சுமார் 2,400 மீட்டர் ஆழத்தில், 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜப்பானின் கைக்கோ என்ற ஆளில்லா ஆழ்கடல் கலம் ஓர் ஊற்றுத்திடலைக் கண்டது. தாய்க்கப்பலின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: கைரெய். மறு ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் சிண்டி வான் டோவரும் அவரது குழுவினரும் அங்கே போனார்கள். புகைபோக்கியின் அடிவாரத்தில் அவர்கள் கண்ட நத்தையைப் போன்ற ஒன்றை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

நம் வீட்டு மதிலில் ஊரும் நத்தையின் பாதம் எப்படி இருக்கும்? வழவழப்பாக, மெத்தென்று இருக்கும். இந்த நத்தையின் பாதத்தின் பக்கங்களில் ஓடு வேய்ந்தாற்போல நூற்றுக்கணக்கான செதில்கள் அடுக்கியிருக்கின்றன. செதில்களின் மேல் கறுப்பு மினுமினுப்பு. அது வண்ணப் பூச்சு அன்று, இரும்பு சல்பைடு. பைரைட், கிரெய்கைட் என்ற இரண்டு கனிமங்கள் அதில் உண்டு. கிரெய்கைட் காந்தத்தால் இழுக்கப்படும். ஆகவே இந்த நத்தையின் செதிலருகே காந்தத்தைக் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும்! உடலில் இரும்பு சல்பைடைக் கட்டுமானப் பொருளாகக் கொண்ட வேறு விலங்கை நாம் அறியோம். பைரைட் ஈரக்காற்று பட்டால் கெடும் என்பது கனிமம் சேகரிப்பவர்களுக்குத் தெரியும். அருங்காட்சியக அலமாரியில் துருப்பிடிக்கக்கூடிய நத்தை இது என்று சொன்னால் மிகையில்லை.

2003-இல் ஸ்டாக்ஹோம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆண்டர்ஸ் வாரேன் குழுவினர் இந்தச் செதில்களைப் பற்றி ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். உலகம் முழுவதும் செய்தியானது. 2010-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஓட்டைப் பிளந்து அளந்தார்கள். வெளியே இரும்பு சல்பைடு, நடுவே தடித்த மெத்தை போன்ற கரிமப் படலம், உள்ளே சாதாரணச் சுண்ணாம்பு என்று மூன்று அடுக்குகள். அடி விழுந்தால் நடுப்படலம் அதை வாங்கிக்கொள்கிறது. எனவே கவசம் என்றார்கள்; மனிதனுக்குக் கவசம் செய்ய இதைப் பார்த்துக் கற்கலாம் என்றார்கள். நத்தையை நாம் முதலில் கவனித்தது நமக்கு என்ன கிடைக்கும் என்றுதான்.

செதில் விஷயத்தில் பிறகு வேறொரு விளக்கமும் வந்தது. இந்த நத்தை வேட்டையாடுவதில்லை, மேய்வதுமில்லை. அதன் உணவுக்குழாயை ஒட்டிய சுரப்பி ஒன்று பெருத்துப் பையாகி, அதற்குள் கந்தகத்தை உண்ணும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. சமையலறை வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜனும் சல்பைடும் ஓயாமல் போய்ச்சேர வேண்டும். அதற்காகவே நத்தையின் இதயம் உடற்பருமனில் சுமார் நான்கு சதவீதம் இருக்கிறது. நம் இதயமோ ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. சமையல் நடந்தால் சாம்பல் விழத்தானே செய்யும்? இங்கே மிஞ்சுவது கந்தகம். உடலில் தங்கினால் நஞ்சு. 2019-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று, செதில்களுக்குள் இருக்கும் நுண்குழல்கள் வழியாக அந்தக் கந்தகம் வெளியே தள்ளப்படுகிறது என்றும், வெளியே ஊற்றுநீரில் உள்ள இரும்போடு சேர்ந்து அது இரும்பு சல்பைடாகிறது என்றும் காட்டியது. அதாவது கந்தகம் நத்தையுடையது, இரும்பு ஊற்றுடையது. கவசம் என்று நாம் வியந்தது, பெரும்பாலும் அதன் கழிவுநீர்க் குழாய்.

இது எதற்காக முக்கியம் என்று கேட்பீர்கள். அடையாளம் காணும் வேலையே இங்கேதான் சிக்கலாகிறது.

2009-இல் ஜப்பானின் ஷின்காய் 6500 என்ற நீர்மூழ்கி, கைரெய்க்கு வடமேற்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி, சுமார் 2,600 மீட்டர் ஆழத்தில், சாலிட்டேர் என்ற புதிய திடலைக் கண்டது. அங்கேயும் செதில்கால் நத்தை இருந்தது. ஆனால் வெள்ளை! செதில் உண்டு, இரும்பு இல்லை. கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு நத்தைகளை மேசையில் வைத்தால் உங்களில் எத்தனை பேர் ஒரே இனம் என்று துணிந்து சொல்வீர்கள்? மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். ஒரே இனம்தான். சாலிட்டேர் ஊற்றின் நீரில் இரும்பு குறைவு; அதனால் அங்கே செதிலுக்கு மை பூச ஆளில்லை, அவ்வளவே. நிறம் நத்தையுடைய குணமன்று, ஊரின் குணம்.

இதற்கு நேர்மாறான கதையும் ஆழ்கடலில் உண்டு. மேற்குப் பசிபிக், இந்தியப் பெருங்கடல் ஊற்றுகளில் அல்வினிகாங்கா என்ற மயிரடர்ந்த ஓட்டு நத்தை இருக்கிறது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். 1988-இல் ஒரே இனமாகத்தான் பெயர் வைத்தார்கள். மரபணு பேசத் தொடங்கிய பிறகு அந்த ஒன்றுக்குள் ஒளிந்திருந்த மேலும் ஐந்து இனங்களைப் பிரித்துப் பெயரிட வேண்டியதாயிற்று. அவற்றில் ஒன்று இந்தியப் பெருங்கடலைச் சேர்ந்தது. இன்னொன்றுக்கு ஜோ ஸ்ட்ரம்மர் என்ற பங்க் இசைப் பாடகரின் பெயரைச் சூட்டினார்கள். ஓட்டில் முள்முள்ளாக மயிர் நிற்கிறதல்லவா! ஆக, வேறாகத் தெரிவது ஒன்றாக இருக்கிறது. ஒன்றாகத் தெரிவது ஆறாக இருக்கிறது. கண்ணை மட்டும் நம்பி ஆழ்கடலில் கணக்கெடுத்தால் கணக்கு தப்பும்.

அப்படியானால் பெயர் வைப்பது எப்படி? விலங்கியல் பெயரிடலுக்குப் பன்னாட்டு விதிகள் உண்டு. உடலமைப்பை விவரிக்க வேண்டும். நெருங்கிய உறவினரிடமிருந்து எதில் வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். ஒரு மாதிரியை மூல உருவாக அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். முறைப்படி வெளியிட வேண்டும். அதுவரை ஊர் உலகம் என்ன பெயர் சொல்லி அழைத்தாலும் அது செல்லப்பெயர்தான். ‘செதில்காலி’ என்ற செல்லப்பெயரோடுதான் இந்த நத்தை பதினான்கு ஆண்டுகளை ஓட்டியது.

2011-இன் இறுதியில் ஜேம்ஸ் குக் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக்கப்பல், ஜான் கோப்ளி தலைமையில், தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் மலைத்தொடரில் உள்ள லோங்சி என்ற திடலுக்குப் போனது. அந்த ஊற்றை 2007-இல் சீனர்கள் கண்டிருந்தார்கள். ஆழம் 2,700 மீட்டருக்கும் அதிகம். அங்கேயும் நம் நத்தை கூட்டமாக இருந்தது. அங்கே எடுத்த மாதிரிகளைக் கொண்டு, அப்போது ஆக்ஸ்போர்டில் முனைவர் பட்ட மாணவராக இருந்த சோங் சென்னும், கேட்ரின் லின்ஸ், கோப்ளி, அலெக்ஸ் ரோஜர்ஸ் ஆகியோரும் சேர்ந்து 2015-இல் பெயர் வைத்தார்கள்: கிரைசோமல்லான் ஸ்குவாமிஃபெரம். பொன்மயிர் கொண்ட, செதில் தாங்கி என்று பொருள். பைரைட்டின் பொன்னிறத்தை மனத்தில் வைத்த பெயர். உங்கள் வயதை ஒத்த ஒரு மாணவர் இந்த வேலையில் முன்நின்றார் என்பதை நினைவில் வையுங்கள்.

பெயருக்கு அடுத்தது வரைபடம். ஆலமரத்துக்கோ காக்கைக்கோ பரவல் வரைபடம் போடுவதென்றால் நாட்டையே வண்ணம் தீட்டிவிடலாம். இங்கே புள்ளிதான் வைக்க முடியும். அந்தப் புள்ளியைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. மார்கழிக் காலையில் ஊரின் அடுப்புப்புகை கூரைக்கு மேலே எழும்பி, ஓர் உயரத்தில் நின்று, படலமாகப் பரவுவதைப் பார்த்திருப்பீர்கள். ஊற்றின் புகையும் அப்படித்தான். கடல்தரையிலிருந்து இருநூறு முந்நூறு மீட்டர் எழும்பியபின் பக்கவாட்டில் பரவுகிறது. கப்பல் மெல்ல நகர, கம்பியில் கட்டிய கருவியை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கி இழுத்துப் போகிறார்கள். எங்கே தண்ணீரில் வெப்பம் ஒரு டிகிரியில் சிறு பங்கு கூடுகிறது, எங்கே கலங்கல் தெரிகிறது என்று பார்க்கிறார்கள். புகையைப் பிடித்துக்கொண்டு அடுப்பைத் தேடும் வேலை. அடுப்பு இருக்கும் வட்டாரம் தெரிந்தபின் ரோபோவை இறக்கி, விளக்கைப் போட்டு, வரிவரியாகப் படம் எடுத்து, படங்களை ஒட்டித் திடலின் வரைபடத்தைச் செய்கிறார்கள். நத்தை எந்தப் புகைபோக்கியின் எந்தப் பக்கத்தில் எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்று அதன்பிறகுதான் சொல்ல முடியும்.

இப்படிச் செய்த வரைபடத்தில் கிடைத்தவை கைரெய், சாலிட்டேர், லோங்சி என மூன்று புள்ளிகள். இந்த மலைத்தொடர்களில் வேறு சில ஊற்றுகளிலும் பின்னாளில் நத்தையைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் 2019 மதிப்பீட்டில் கணக்குக்கு வந்தவை இந்த மூன்றே. மூன்றிலும் அது வாழும் பரப்பை எல்லாம் கூட்டினால் 0.02 சதுர கிலோமீட்டர். நம் கணக்கில் சொன்னால் ஐந்து ஏக்கர். காணியில் சொன்னால் நாலு காணிக்கும் குறைவு. அதுவும் ஒரே இடத்தில் அல்ல, நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கிலோமீட்டர் இடைவெளி விட்டு மூன்று துண்டாக. நடுத்தரக் குடியானவர் ஒருவரின் நிலம் அளவுக்குத்தான் இந்த இனத்தின் உலகம் இருந்தது.

மூன்று துண்டுகளுக்கும் நடுவே போக்குவரத்து உண்டா? இந்தக் கேள்வியில்தான் வரைபடம் உயிர்பெறுகிறது. வளர்ந்த நத்தை ஊற்றை விட்டு நகராது, நகர்ந்தால் பட்டினி. குஞ்சுப் பருவத்தில்தான் நீரோட்டத்தோடு போக வேண்டும். எவ்வளவு தூரம் போகும் என்று கடலில் பின்தொடர்ந்து பார்க்க வழியில்லை. ஆனால் மரபணு காட்டிக்கொடுக்கும். அடிக்கடி கொள்வினை கொடுப்பினை இருக்கும் ஊர்களில் முகச்சாயல் ஒத்துப்போகுமல்லவா, அதுபோல. கைரெய் நத்தையும் சாலிட்டேர் நத்தையும், கறுப்பு வெள்ளை என்ற வேற்றுமையையும் மீறி, நெருங்கிய சொந்தங்கள். லோங்சி நத்தையோ ஒரே நிறத்தில் இருந்தாலும் கைரெயோடு அதிகம் கலக்காத தனிக்குடி. இடையே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடல். இதன் பொருள் என்ன? லோங்சியைச் சுரண்டி எடுத்துவிட்டால், கைரெயிலிருந்து வந்து குடியேறி இடத்தை நிரப்பிவிடும் என்று யாரும் ஆறுதல் சொல்ல முடியாது.

சுரண்டி எடுப்பது யார் என்றால், நாம்தான். ஊற்றுகள் கக்கிப் படிந்த புகைபோக்கிகளில் செம்பும் துத்தநாகமும் பொன்னும் வெள்ளியும் இருக்கின்றன. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடல்தரைக்கு அனுமதி கொடுப்பது, ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருக்கும் சர்வதேசக் கடற்படுகை ஆணையம். லோங்சி இருக்கும் பகுதிக்குச் சீனா ஆய்வு ஒப்பந்தம் போட்டது 2011 நவம்பரில். பெயர் வைக்க உதவிய மாதிரிகளைப் பிரிட்டிஷ் கப்பல் அள்ளியதும் அந்த ஆண்டின் கடைசியில்தான். கைரெய் இருக்கும் பகுதிக்கு ஜெர்மனி ஒப்பந்தம் போட்டது 2015-இல், நத்தைக்குப் பெயர் கிடைத்த அதே ஆண்டில். சாலிட்டேர் மொரீஷியஸின் கடல் எல்லைக்குள் இருக்கிறது. மூன்று துண்டு நிலத்தில் இரண்டுக்குப் பத்திரம் எழுதி முடித்தாயிற்று; குடியிருப்பவருக்கு அப்போதுதான் ரேஷன் கார்டில் பெயர் ஏறுகிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இவை தேடிப்பார்ப்பதற்கான ஒப்பந்தங்களே. அந்த ஊற்றுகளில் வணிகச் சுரங்கம் இன்னும் தொடங்கவில்லை. உயிருள்ள ஊற்றைத் தொடமாட்டோம், அணைந்த ஊற்றை மட்டும்தான் தோண்டுவோம் என்று சொல்பவர்களும் உண்டு. நல்லது. ஆனால் எது உயிருள்ளது, எது அணைந்தது, அணைந்ததிலிருந்து கிளம்பும் புழுதி எதன்மேல் போய்ப் படியும் என்று சொல்ல அதே வரைபடம்தான் வேண்டும்.

2019 ஜூலையில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்த நத்தை ‘அருகிவரும் இனம்’ என்று ஏறியது. ஆழ்கடல் சுரங்கத்தின் அச்சுறுத்தலைக் காரணமாகக் காட்டிப் பட்டியலில் ஏறிய முதல் உயிரினம் இதுதான். பெயரும் வரைபடமும் இல்லாமல் இது நடந்திருக்காது. எத்தனை இடத்தில் வாழ்கிறது, ஒவ்வோரிடத்துக்கும் என்ன ஆபத்து என்பதே அந்தப் பட்டியலின் கேள்வி. கதவு திறந்தபின் மற்றவையும் உள்ளே வந்தன. 2021-இல் வெளியான ஆய்வின்படி, ஊற்றுகளில் மட்டுமே வாழும் 184 மெல்லுடலிகளை மதிப்பிட்டதில் 62 சதவீதம் அழியும் ஆபத்தில் இருக்கின்றன.

இதில் நமக்கு என்ன என்று யாரும் எழுந்துபோக வேண்டாம். 2016-இல் இந்தியாவும் இதே மலைத்தொடர்களில் 10,000 சதுர கிலோமீட்டருக்கு, இதே உலோகப் படிவுகளைத் தேட, பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 2024 டிசம்பரில் ‘சாகர் நிதி’ கப்பலிலிருந்து இறக்கிய ஆளில்லாக் கலம், இந்தியப் பெருங்கடலில் 4,500 மீட்டர் ஆழத்தில் ஓர் உயிருள்ள ஊற்றைப் படமெடுத்தது. அந்தப் பயணத்தில் பங்கெடுத்தது சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம். மனிதரை 6,000 மீட்டருக்கு இறக்கும் மத்ஸ்யா 6000 கலமும் அங்கேதான் உருவாகிறது. அதில் ஏறி இறங்கப்போகிறவர்களில் உங்களில் ஒருவர் இருக்கலாம். உலோகம் எவ்வளவு தேறும் என்று அளக்கும் பொறியாளர் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் தன் வேலையைச் செய்யட்டும். ஆனால் அவருடைய அறிக்கை கரை சேரும் நாளில் உங்களுடைய அறிக்கையும் கரை சேர வேண்டும். எந்தப் பாறையில் என்ன நத்தை, எத்தனை, அதன் சொந்தம் எங்கே என்பது அதில் இருக்க வேண்டும். நத்தைக்குப் பெயர் வைக்கத் தெரிந்தவர்கள் நாட்டில் குறைந்துகொண்டே வருகிறார்கள். வகைப்பாட்டியல் பழைய பாடம் என்று ஒதுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. பெயர் வைத்தால் போதும் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2009-இல் ஜப்பானியர் அந்தப் பக்கம் இரண்டு திடல்களைக் கண்டார்கள். ஒன்றுக்கு டோடோ என்றும் மற்றதற்குச் சாலிட்டேர் என்றும் பெயர். இரண்டும் அந்த வட்டாரத் தீவுகளில் வாழ்ந்த, பறக்கத் தெரியாத பறவைகளின் பெயர்கள். டோடோ மொரீஷியஸில் பதினேழாம் நூற்றாண்டிலும், சாலிட்டேர் ரோட்ரிக்ஸ் தீவில் பதினெட்டாம் நூற்றாண்டிலும் அற்றுப்போயின. அவற்றுக்குப் பெயர் இருந்தது, எந்தத் தீவில் இருக்கின்றன என்றும் தெரிந்திருந்தது. மிச்சம் எத்தனை என்று எண்ணிப்பார்த்து, போதும் நிறுத்து என்று சொல்லத்தான் ஆளில்லை.

சாலிட்டேர் பறவை இன்று எலும்பாக மட்டுமே இருக்கிறது. அதன் பெயரைத் தாங்கிய திடலில் வெள்ளை நத்தை உயிரோடு இருக்கிறது.